உளவியல் மாணவரை வாசலிலேயே நிறுத்தாதீர்கள்: டர்பன் வட்டாரத் தமிழ்ச் சங்கங்களின் பர்சரிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழு உறுப்பினர்களே,

வணக்கம். அடுத்த கல்வியாண்டுக்கான பர்சரி, அதாவது கல்வி உதவித்தொகை, விண்ணப்பப் படிவங்கள் வீடுகளுக்கு வரத் தொடங்கிவிட்டன. அவற்றுள் ஒரு படிவம், மருத்துவம், பொறியியல், கணக்கியல், சட்டம், ஆசிரியப் பயிற்சி ஆகியவற்றுக்கு முன்னுரிமை தரப்படும் என்று அறிவித்துவிட்டு, அதன் கீழே, உளவியல் முதலிய பொதுக் கலைப் பாடங்களைப் படிப்போர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறது. அந்தச் சங்கத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்கள் படிவத்தில் எழுதியதை மற்றச் சங்கங்கள் நேர்காணலில் வாய்மொழியாகச் சொல்லிவிடுகின்றன. வெளிப்படையாக எழுதியவரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், வெருலம், இசிபிங்கோ என எங்கே குழு கூடினாலும் உளவியல் என்ற சொல் வந்தவுடன் மேசையைச் சுற்றி ஒரு புன்னகை போய்வருகிறது என்பதை நேர்காணலுக்குப் போய்வந்த மாணவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு உளவியல் மாணவர்களுக்கு டியூட்டோரியல் வகுப்பு எடுப்பவள். சனிக்கிழமை காலைகளில் தமிழ்ப் பள்ளியில் சிறுபிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பவள். இந்த இரண்டு இடங்களிலும் நிற்பதால்தான் இம்மடலை எழுதும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். உளவியல் பாடத்தின் பெயரைப் பார்த்தே மாணவரைத் திருப்பி அனுப்பும் வழக்கத்தைக் கைவிட்டு, அந்தப் பாடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது, அது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும், எங்கே சேர்க்காது என்பவற்றை அறிந்து முடிவெடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முதலில், அது பைத்தியத்தைப் பற்றிய படிப்பு என்ற எண்ணத்தைப் பற்றி. மனநோய்கள் முதலாண்டின் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி மட்டுமே. பெரும்பாலும் ஆண்டின் கடைசியில்தான் அந்தப் பகுதி வரும். அதற்கு முன்னே மாணவர் படிப்பது வேறு: நரம்பணுக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு செய்தி பரிமாறுகின்றன, கண் காண்பதை மூளை எப்படித் திருத்தி எழுதுகிறது, நினைவு ஏன் மங்குகிறது, குழந்தை எந்த வயதில் எதைப் புரிந்துகொள்கிறது, கூட்டத்தில் இருக்கும்போது மனிதன் ஏன் தன் கண்ணையே நம்ப மறுக்கிறான் என்பவற்றை. ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் வுண்ட் 1879 இல் லைப்சிக் நகரில் தனி ஆய்வுக்கூடம் அமைத்த காலத்திலிருந்து, மனத்தை அளந்து பார்க்க முடியுமா என்ற கேள்வியே இத்துறையின் நடுக்கேள்வி. ஆகவே பிறர் மனத்தைப் படிக்கும் வித்தை கிடைக்கும் என்று வந்து உட்காரும் மாணவர், இரண்டாம் வாரத்திலேயே சராசரி, திட்டவிலக்கம், கட்டுப்பாட்டுக் குழு என்ற சொற்களைக் கண்டு திகைத்துப்போகிறார். கணக்கிலிருந்து தப்பித்துவிட்டோம் என்று நினைத்துக் கலைப்பீடத்துக்கு வந்தவரின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

அந்தத் திகைப்பு நல்லது என்பது என் கருத்து. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். தமிழ்ப் பள்ளிக்கு ஒழுங்காக வந்த பிள்ளைகள் மேட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வில் நன்றாகத் தேறுகிறார்கள், ஆகவே தமிழ் படித்தால் மதிப்பெண் உயரும் என்று நம் ஆண்டு விழா மேடைகளில் பேசாதவர் யார்? நானே கைதட்டியிருக்கிறேன். முதலாண்டு மாணவர் ஒருவர் இதைக் கேட்டால், வாராவாரம் சனிக்கிழமை காலையில் எழுந்து பிள்ளையைக் காரில் ஏற்றி வகுப்புக்குக் கொண்டுவந்து விடும் பெற்றோர், மற்ற நாள்களில் வீட்டுப்பாடத்தையும் பார்ப்பவர்களாகத்தானே இருப்பார்கள் என்று கேட்பார். இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது என்பார். தமிழ்ப் பள்ளிக்கு இதனால் ஒரு குறையும் வந்துவிடாது. நம் பேச்சில்தான் கொஞ்சம் நேர்மை கூடும்.

ஆனால் நான் உங்கள் முன் முக்கியமாக வைக்க விரும்புவது வேறொன்று. 2000களின் நடுப்பகுதியில் சாட்ஸ்வர்த்தில் 'சுகர்ஸ்' என்ற பெயரில் ஒரு மலிவான போதைப்பொருள், ஹெராயினோடு வேறு எதை எதையோ கலந்தது, பரவியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எத்தனை வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கும் தொலைக்காட்சியும் காணாமற்போயின, எத்தனை தாய்மார்கள் இரவில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைக் குழுவின் மூத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று முதல் இன்றுவரை நம் அமைப்புகள் போதை எதிர்ப்பு ஊர்வலம் நடத்துகின்றன. கோயில் திருவிழாவில் உறுதிமொழி எடுக்கச் செய்கின்றன. மீண்டு வந்த இளைஞரை மேடையேற்றிப் பேச வைக்கின்றன. இவற்றின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். எனினும் இதே அமைப்புகள், அடிமைத்தனம் எப்படி உண்டாகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்பதைப் படிக்க விரும்பும் பதினெட்டு வயதுப் பெண்ணிடம், இந்தப் பாடத்துக்குப் பணம் இல்லை என்று சொல்வது எனக்கு விளங்கவில்லை.

முதலாண்டில் கற்றல் என்றொரு பகுதி உண்டு. அதில் பாவ்லவின் நாய்கள் வரும். உணவைக் கண்டு உமிழ்நீர் சுரந்த நாய், பிறகு உணவோடு சேர்ந்து வந்த ஒலியைக் கேட்டாலே சுரக்கப் பழகியது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அந்தக் கதை ஹெராயினுக்கும் பொருந்தும் என்பதே பலருக்குத் தெரியாது. போதைப்பொருள் உடலுக்குள் போகும்போது உடல் தன் சமநிலையைக் காக்க எதிர்த்திசையில் வேலை செய்கிறது. நாளடைவில், வழக்கமாகப் பொருள் எடுக்கும் அறை, அந்த நேரம், உடன் இருக்கும் நண்பர், புகையின் வாடை ஆகியவையே அந்த எதிர்வேலையை முன்கூட்டித் தொடங்கிவைக்கப் போதுமானவை ஆகிவிடுகின்றன. ஷெப்பர்ட் சீகலும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1982 இல் வெளியிட்ட எலிச் சோதனையில், ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்கு ஒரே மிகையளவு கொடுக்கப்பட்டது. பழகிய அறையில் அதைப் பெற்றவற்றுள் 32 விழுக்காடு இறந்தன. அறியாத அறையில் பெற்றவற்றுள் 64 விழுக்காடு இறந்தன. முன்பு ஹெராயினையே அறியாத எலிகளில் 96 விழுக்காடு இறந்தன. உடல் பழகியது பொருளுக்கு மட்டும் இல்லை, இடத்துக்கும் சேர்த்துத்தான்.

இதைச் சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு பையன் வெளியூர் மறுவாழ்வு இல்லத்தில் சில வாரங்கள் இருந்து, உடல் தேறி, கழுத்தில் உருத்திராட்சத்தோடு வீடு திரும்புகிறான். அங்கே இருந்தவரை ஆசையே எழவில்லை என்கிறான், அது பொய்யில்லை. பேருந்திலிருந்து இறங்கி, பழைய மூலைக்கடையைக் கடந்து, அதே சந்தில் நடக்கும்போது அவனுக்கு வியர்க்கிறது, வயிற்றைப் பிசைகிறது, கை நடுங்குகிறது. மனவுறுதி இல்லாதவன் என்று நாம் பேசிக்கொள்கிறோம். அவனும் அப்படியே நம்பத் தொடங்குகிறான். அந்தச் சந்து அவன் உடலில் என்ன செய்கிறது என்பதை அவனுக்கும் அவன் தாய்க்கும் முன்கூட்டியே எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால், வேறு வழியாக வீட்டுக்குப் போகலாம். முதல் சில வாரங்கள் சித்தப்பா வீட்டில் தங்கலாம். பல வாரம் விலகியிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது, அதைத் திரும்ப எடுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதையும் அந்தத் தாய் தெரிந்துகொள்ளலாம். இவ்வளவும் முதலாண்டுப் பாடப்புத்தகத்தின் ஒரே அத்தியாயத்திலிருந்து வருபவை. இதைப் படித்தவர் உடனே சிகிச்சை தரத் தகுதி பெற்றுவிடுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் தெருக்களில் இதை அறிந்தவர் சிலராவது வேண்டாமா?

ஊர்வலங்களைப் பற்றியும் அதே பாடம் ஒரு கேள்வியைக் கேட்கும். அமெரிக்காவில் 1983 இல் லாஸ் ஏஞ்சலிசில் தொடங்கிய டேர் என்ற திட்டத்தில் காவல்துறையினர் பள்ளிகளுக்கு வந்து போதையின் தீமையை எடுத்துரைத்தார்கள். பெற்றோருக்குப் பிடித்திருந்தது, பள்ளிகளுக்குப் பிடித்திருந்தது, நாடெங்கும் பரவியது. அதைப் பெற்ற மாணவரையும் பெறாத மாணவரையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள், பிற்காலப் போதைப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. நம் ஊர்வலங்கள் பயன் தருகின்றனவா இல்லையா என்பது எனக்கோ உங்களுக்கோ தெரியாது. நாம் ஒருநாளும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்கும் செலவு, ஒரு ஊர்வலத்தின் ஒலிபெருக்கி வாடகையையும் சாப்பாட்டுப் பொட்டலங்களையும் விட அதிகம்தான், ஆனால் எட்டாத தொகை ஆகாது.

அடுத்து, சமயத்தைப் பற்றிய அச்சம். ஒரு நேர்காணலில் குழு உறுப்பினர் ஒருவர், இந்தப் படிப்பைப் படித்தால் நீ நாளைக்குக் காவடி எடுப்பவரையெல்லாம் நோயாளி என்பாய் என்று மாணவி ஒருத்தியிடம் சொன்னாராம். நகைச்சுவையாகச் சொல்லியிருக்கலாம்; ஆனாலும் அந்த அச்சம் நம்மிடையே உண்மையாகவே உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. என் டியூட்டோரியலில் மனநோய்ப் பகுதி நடந்த அன்று, பின்வரிசையில் இருந்த ஒரு பெண், தன் அத்தைக்கு ஆடிமாத அம்மன் திருவிழாவில் அருள் வருவது இந்தப் பட்டியலில் எந்த எண்ணில் வரும் என்று கேட்டாள். பெரும்பாலோர் ஆங்கிலமே வீட்டுமொழியாகக் கொண்ட அந்த வகுப்பில், சூலு வீடுகளிலிருந்து வந்த சிலரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். அவர்கள் வீட்டிலும் முன்னோர் ஆவியின் அழைப்பைப் பெற்ற அத்தைகள் இருக்கிறார்கள். விடை பாடத்திலேயே இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஒருவர் வேறோர் ஆளாக மாறிவிட்டது போன்ற நிலையைத் தரும் விலகல் கோளாறைக் கண்டறிவதற்கான விதிகளில், பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பண்பாட்டு அல்லது சமய வழக்கத்தின் இயல்பான பகுதியாக அது இருக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனையை வைத்திருக்கிறது. திருவிழா நாளில், உடுக்கையும் பாட்டும் ஒலிக்கும்போது வந்து, விபூதி இட்டவுடன் தணிந்து, மறுநாள் வேலைக்குப் போக எந்தத் தடையும் இல்லாத அருள் நோயாகாது. அதே பெண்மணி, திருவிழா இல்லாத நாள்களில், தன் விருப்பத்துக்கு மாறாக, வீட்டில் தனியே இருக்கையில் அடிக்கடி நினைவு தப்பி, அதனால் துன்பப்பட்டால் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் கோயில் நிர்வாகத்தில் இருந்தால் நன்மையா தீமையா என்று நீங்களே சொல்லுங்கள். பேயோட்டுகிறேன் என்று சொல்லிக் காசு பிடுங்குபவர்களிடம் நம் குடும்பங்கள் படும் பாட்டை நான் விரித்து எழுத விரும்பவில்லை.

பாடப்புத்தகங்களின் மேல் எனக்கும் குறை உண்டு. அவற்றில் பல அமெரிக்காவில் எழுதப்பட்டவை, அல்லது அமெரிக்கப் புத்தகத்துக்குத் தென்னாப்பிரிக்கச் சட்டை மாட்டிவிட்டவை. மனித மனம் என்று அவை சொல்வதில் பெரும்பகுதி மேலைநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களின் மனம் என்பதை ஹென்ரிக், ஹைன், நோரென்சயன் ஆகிய மூவரும் 2010 இல் விரிவாக எடுத்துக்காட்டினார்கள். அம்புமுனைகள் உள்நோக்கியும் வெளிநோக்கியும் இருக்கும் இரண்டு சமநீளக் கோடுகளில் ஒன்று நீளமாகத் தெரியும் அந்தப் பெயர்பெற்ற கண்மயக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966 இல் வெளிவந்த பன்னாட்டு ஒப்பீட்டாய்வில், கலஹாரிப் பாலைவனத்தின் சான் மக்களிடம் அந்த மயக்கம் ஏறத்தாழ இல்லை என்று தெரிந்தது. மேலும், 2015 இல் நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்த பெருங்குழு, அவற்றில் 36 விழுக்காட்டில் மட்டுமே முதல் முடிவுக்கு ஒத்த திட்டவட்டமான முடிவைப் பெற்றது. இதைச் சொன்னால், அப்படியானால் இந்தத் துறையையே நம்பலாமா என்று கேட்பீர்கள். தன் குறையைத் தானே எண்ணி வெளியிட்டு, அதை முதலாண்டு மாணவருக்கே பாடமாகவும் வைக்கும் துறையை நான் கூடுதலாக நம்புவேன். அருள் வரும் அத்தையைப் பற்றிக் கேட்கத் தெரிந்த பெண் அந்த வகுப்பில் இருந்ததால்தான் அன்று பாடம் புத்தகத்தைத் தாண்டியது. அப்படிப்பட்டவர்களை நீங்கள் அனுப்பாவிட்டால் புத்தகம் சொன்னதே கடைசிச் சொல்லாக நின்றுவிடும்.

இந்த நாட்டில் அப்படி நின்றபோது என்ன நடந்தது என்பதும் வரலாற்றில் இருக்கிறது. இனவொதுக்கல் ஆட்சியின் முதன்மைச் சிற்பியான ஹென்ட்ரிக் வெர்வூர்ட் அரசியலுக்கு வருமுன் உளவியலாளர். 1920களில் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே பயன்பாட்டு உளவியல் பேராசிரியராக இருந்தவர். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனியான, தாழ்ந்த கல்வியை விதித்த 1953 இன் பான்டு கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் அவரே. 1958 இல் பிரதமரானார். 1939 இல் ஃபிக் என்பவர், கறுப்பினப் பிள்ளைகளின் சோதனை மதிப்பெண்களைக் காட்டி அவர்களின் கல்வித்திறனே குறைவு என்று எழுதினார். சோதனையின் மொழியும் பள்ளி வசதியும் ஊட்டச்சத்தும் வேறாக இருக்கும்போது அந்த ஒப்பீடு செல்லாது என்று 1943 இல் பீஷோவல் என்ற உளவியலாளர் மறுத்தார். அரசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை நம் பெற்றோர் வாழ்ந்தே அறிந்தார்கள். 1948 இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க உளவியல் சங்கத்தில் உறுப்பினராக ஜோசபின் நாயுடு என்ற இந்திய வம்சாவழிப் பெண் 1950களின் பிற்பகுதியில் விண்ணப்பித்தார். சேர்ப்பதா வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. இறுதியில் இன வேறுபாடின்றி உறுப்பினரை ஏற்பது என்று சங்கம் முடிவெடுத்தவுடன், அதைப் பொறுக்காதவர்கள் வெளியேறி 1962 இல் வெள்ளையர்க்கு மட்டுமான வேறொரு அமைப்பை நிறுவினார்கள். எல்லாருக்கும் பொதுவான இன்றைய தென்னாப்பிரிக்க உளவியல் கழகம் 1994 சனவரியில்தான் பிறந்தது. டர்பனில் பிறந்து, கறுப்பு விழிப்புணர்வு இயக்கத்தில் ஈடுபட்டு, ராபன் தீவுச் சிறையில் இருந்த சதாசிவன் கூப்பர், நாம் சாத்ஸ் கூப்பர் என்று அறிந்தவர், 2012 முதல் 2016 வரை உலக உளவியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்தார். ஒரு பெண்ணின் விண்ணப்பத்தைப் பொறுக்காமல் பிளந்துபோன துறை, நம் ஊர் மனிதரைத் தலைவராகக் காணும் இடத்துக்கு வந்திருக்கிறது; இந்த நேரத்தில் நம் விண்ணப்பப் படிவமே பிள்ளைகளை விலக்கி வைக்கிறது.

நீங்கள் மருத்துவம், சட்டம், ஆசிரியம் என்று வரிசைப்படுத்துவதற்கும் வரலாறு உண்டு, அதை நான் அறியாதவள் இல்லை. பல்கலைக்கழகங்களை இனவாரியாகப் பிரித்த 1959 இன் சட்டத்துக்குப் பிறகு நம்மவர் வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் சேர அமைச்சரின் அனுமதி வேண்டியிருந்தது. 1961 இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில், இந்தியருக்கென்று ஒரு கல்லூரியைத் திறந்து அங்கே படகில் போகச் சொன்னார்கள். அன்று பட்டம் பெற்றவர் எந்த முதலாளியின் தயவும் இல்லாமல் பிழைக்கத்தக்க தொழிலைத் தேர்ந்தெடுத்தது அறிவுடைமை. உங்களில் சிலர் அந்தப் படகில் போனவர்கள். அந்த அறிவுடைமையை நான் குறைத்துப் பேசவில்லை. அன்றைய பட்டியல் இன்றைய படிவத்தில் அப்படியே நிற்பதைத்தான் கேள்வி கேட்கிறேன். மேலும், நீங்கள் முன்னுரிமை தரும் ஆசிரியப் பயிற்சியில், குழந்தையின் மனவளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயும் விகாட்ஸ்கியும் பாடமாக இருக்கிறார்கள். மருத்துவ மாணவரும் மனநலப் பிரிவைக் கடக்காமல் பட்டம் பெற முடியாது. வேறு பெயரில் வந்தால் உளவியலுக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

ஒன்றில் நீங்கள் சொல்வது சரி. முதலாண்டு உளவியல் படித்தவர் உளவியலாளர் ஆகிவிடுவதில்லை. மூன்றாண்டுப் பட்டம் பெற்றவரும் ஆவதில்லை. பட்டத்துக்குப் பின் ஓராண்டு ஆனர்ஸ், பிறகு தொழில்முறை மாஸ்டர்ஸ், ஓராண்டு உட்பயிற்சி, மருத்துவ உளவியலாளர் என்றால் மேலும் ஓராண்டு அரசுச் சமுதாயப் பணி, சுகாதாரத் தொழிலர் மன்றத்தின் தேர்வு, இவ்வளவுக்கும் பிறகே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். மாஸ்டர்ஸ் வகுப்புக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு கைக்குள் அடங்கும் அளவு மாணவரையே எடுக்கிறது. விண்ணப்பிப்போர் பல மடங்கு. ஆனர்ஸோடு வாய்த்த செய்முறைப் பயிற்சியை முடித்துப் பதிவுபெற்ற ஆலோசகர் ஆகும் குறுகிய வழி ஒன்றும் உண்டு. நம் வட்டாரத்துக்கு உடனடியாகத் தேவைப்படுவோர் அவர்களே என்பது என் எண்ணம். எஞ்சியவர்கள் மனிதவளத்துறை, சமூகப்பணி, ஆசிரியம், சந்தை ஆய்வு என்று பல இடங்களில் சேர்கிறார்கள். இந்த நெடிய பாதையை மாணவருக்கும் பெற்றோருக்கும் யாரும் முதலிலேயே சொல்வதில்லை. மகள் மூன்றாண்டில் டாக்டர் போல ஒரு பலகை மாட்டிக்கொள்வாள் என்று எண்ணி வீட்டை அடமானம் வைக்கத் துணிந்த தந்தையை எனக்குத் தெரியும். உங்கள் படிவத்தில் இருக்கும் ஒற்றை வரி மறுப்பு இந்த அறியாமையைப் போக்கவில்லை. விரும்பிய பிள்ளை எப்படியும் சேர்ந்துவிடுகிறது, கடனோடு சேருகிறது.

யார் கடன்படுகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசின் தேசிய மாணவர் நிதித்திட்டம் இருக்கிறது. தந்தை ஆலையில் மேற்பார்வையாளர், தாய் கடையில் காசாளர் என்றால் அந்த வரம்பைச் சற்றே தாண்டிவிடுவார்கள். வங்கிக் கடனைத் தாங்கும் அளவுக்கும் வருமானம் இராது. நம் சங்கங்களிடம் வருவோர் பெரும்பாலும் இவர்களே. அரசின் திட்டமோ முதல் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. உளவியலில் பட்டத்துக்குப் பின் வரும் அந்த ஒரே ஆனர்ஸ் ஆண்டுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உங்கள் நிதி சிறியது என்பதை அறிவேன். சிறிய நிதியால் பெரும்பயன் கிடைக்கும் இடம் அந்த ஆண்டு.

ஒரு சிறு செய்தியையும் இடையில் சொல்லிவிடுகிறேன். எய்ஸ்டெட்போட் என்ற கலைப் போட்டிக்காக நம் பிள்ளைகள் திருக்குறளையும் தேவாரத்தையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து, பொருள் தெரியாமல், போட்டிக்கு முந்தைய இரண்டு இரவுகளில் உருப்போடுகிறார்கள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறந்துபோகின்றன என்பதை 1885 இல் வெளியிட்டார். நாள் இடைவெளி விட்டுப் பயின்றால் நிலைக்கும், ஒரே மூச்சில் பயின்றால் நிலைக்காது என்பது அன்றே தெரிந்தது. பொருள் புரிந்தது நெடுநாள் நிற்கும் என்பதும் பின்னர் வந்தவர்களால் உறுதியானது. சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு குறளுக்கு முதலில் கதை சொல்லி, பிறகு வாரத்துக்கு ஒருமுறை கேட்டு வந்தேன். கோப்பை கிடைக்கவில்லை. ஆனால் போட்டி முடிந்து பல மாதம் கழித்தும் அந்தப் பிள்ளைகள் அந்தக் குறளைச் சொல்கிறார்கள். தமிழ்ப் பள்ளிகளை நடத்துவோரும் நீங்களே என்பதால் இதைக் குறிப்பிட்டேன்.

இனி, நான் கேட்பது. படிவத்தில் உள்ள அந்த வரியை இந்த ஆண்டே நீக்குங்கள். எழுதாமல் பின்பற்றுவோர் நேர்காணலில் அதைச் சொல்வதை நிறுத்துங்கள். உளவியல் மாணவரிடம், இது எத்தனை ஆண்டுப் பாதை என்று தெரியுமா, மாஸ்டர்ஸ் இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரியாதவருக்கு மறுப்பதில் எனக்கு மறுப்பில்லை. முதலாண்டு முடிவில் புள்ளியியல் பகுதியில் தேறியிருக்கிறாரா என்று மதிப்பெண் பட்டியலைப் பார்த்து இரண்டாம் ஆண்டுக்கு உதவுங்கள். அந்தப் பகுதியில் தடுமாறுவோர் ஆனர்ஸ் வரை போவது அரிது. இரண்டு மூன்று சங்கங்கள் சேர்ந்தால் ஆண்டுக்கு ஓர் ஆனர்ஸ் மாணவரைத் தாங்கலாம். அவர் பதிலுக்கு நம் வட்டாரத்துப் போதை மறுவாழ்வு அமைப்பு ஒன்றில் தன் செய்முறைப் பயிற்சியைச் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். அதற்குத் தகுதியான மேற்பார்வையாளர் இருக்கிறாரா என்பதைப் பல்கலைக்கழகத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், இல்லையேல் அந்தப் பயிற்சி கணக்கில் வராது. படிப்பின் பாதையையும் செலவையும் விளக்கும் இரண்டு பக்கத் தாள் ஒன்றை ஆங்கிலத்திலும் தமிழிலும் நான் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் எந்தக் குழுவுக்கும் தருவேன். குழுக் கூட்டத்துக்கு வந்து கேள்விகளுக்கு விடையளிக்கவும் அணியமாக இருக்கிறேன். சனிக்கிழமை காலை மட்டும் வேண்டாம். அப்போது எனக்கு வகுப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
முதலாண்டு உளவியல் பயிற்சி ஆசிரியை, தமிழ்ப் பள்ளித் தொண்டர்,
டர்பன்